நியூட்ரலில் இறக்கிய லோடு: யூரோ டிரக் சிமுலேட்டர் 2

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் வாங்கிய விளையாட்டு பிடிக்கவில்லையென்றால், வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணியைத் தாண்டாமல் இருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டைப் பொறுத்தவரை அந்த இரண்டு மணி நேரத்தையும் நான் கொட்டாவி விட்டபடியே கழித்தேன். பணத்தைக் கேட்காமல் விட்டதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. அந்தச் சோம்பலுக்கு இப்போது நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இந்த விளையாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது பதினோராவது மணி நேரத்தில், நார்வே நாட்டு மலைச்சாலை ஒன்றின் இறக்கத்தில், நான் ஒரு தவறு செய்தபோதுதான்.

செக் நாட்டின் பிராகா நகரிலுள்ள எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் 2012 அக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு இது. வெளிவந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும் புதிய நாடுகளையும் புதிய வண்டிகளையும் சேர்த்து, பழைய சாலைகளைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள். ஆடுபவர் செய்ய வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒரு ஊரில் சரக்கை ஏற்றி, இன்னொரு ஊரில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஸ்கானியா, வோல்வோ, டாஃப், மேன் முதலிய நிஜ நிறுவனங்களின் வண்டிகள். ஏறக்குறைய பத்தொன்பதுக்கு ஒன்று என்ற அளவில் சுருக்கப்பட்ட ஐரோப்பாவின் சாலைகள். யாரையும் சுட வேண்டியதில்லை, யாரையும் முந்த வேண்டியதில்லை. லாரி ஓட்டுவது ஒரு விளையாட்டா என்று கேட்பவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நானே அப்படிக் கேட்டவள்தான்.

கேட்பதற்கு எனக்குக் காரணமும் இருந்தது. தருமபுரியில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுவது என் வேலை. வண்டி திரும்பி வந்ததும் டிரிப் ஷீட்டைப் பார்த்து, வாடகை, அட்வான்ஸ், டீசல், சுங்கச்சாவடி, பேட்டா எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, ஓட்டுநருக்குச் செட்டில்மென்ட் போட வேண்டும். அப்பா 31 வருடம் லாரி ஓட்டி, முழங்கால் வலியால் வீட்டில் உட்கார்ந்தவர். பகலெல்லாம் லாரிக் கணக்கு, வீட்டுக்கு வந்தால் லாரிக் கதை என்றிருக்கும் ஒருத்தி, இரவிலும் லாரி ஓட்டுவதற்குக் காசு கொடுத்து ஒரு விளையாட்டை வாங்கியதை எங்கள் வீட்டில் எல்லோரும் வேடிக்கையாகவே பார்த்தார்கள்.

முதல் பத்து மணி நேரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சொந்த ஊராக ஒரு நகரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள், சிறிய கொட்டகை ஒன்று கிடைக்கும், வண்டி கிடைக்காது. பிறருடைய வண்டியைக் கூலிக்கு ஓட்ட வேண்டும். டீசல், சுங்கம் எல்லாம் முதலாளி செலவு. ஜெர்மனியின் அகன்ற நெடுஞ்சாலைகளில், தட்டையான நிலத்தில், வலப்பக்கமாகவே போக வேண்டும் என்பதை அடிக்கடி மறந்து, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கும் இருட்டில் முகப்பு விளக்கைப் போடாததற்கும் அபராதம் கட்டியபடி ஓட்டினேன். இயற்கைக் காட்சிகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எதிலும் எனக்குப் பட்டுக்கொள்வது போன்ற உணர்வு வரவில்லை. சரக்கு யாருடையதோ, வண்டி யாருடையதோ, நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன்.

நிலைமை மாறத் தொடங்கியது வங்கிக் கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுத்த பிறகுதான். அதுவரை கண்ணில் படாத எண்களெல்லாம் அன்றிலிருந்து கண்ணில் பட்டன. கடன் தவணை நாள்தோறும் கணக்கிலிருந்து கழிகிறது. டீசல் என் செலவு. வண்டி எங்கேயாவது இடித்தால் பழுதுபார்ப்பதும் என் செலவு. சரக்குக்குச் சேதம் வந்தால் வாடகையில் பிடிக்கிறார்கள். வண்டி வாங்கும்போது ரிடார்டர் பொருத்திய கியர்பாக்ஸுக்குக் கூடுதல் விலை கேட்டதால் அதை வேண்டாமென்று விட்டிருந்தேன். சக்கர பிரேக்கைத் தொடாமலேயே, கியர்பாக்ஸோடு இணைந்து வண்டியின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும் கருவி அது. சமவெளியில் ஓடும்போது அது இல்லாத குறை தெரியவே இல்லை.

ஸ்காண்டிநேவியா என்ற விரிவாக்கத் தொகுப்பையும் சேர்த்தே வாங்கியிருந்தேன். 2015இல் வந்த அந்தத் தொகுப்பில் டென்மார்க்கும், நார்வே, ஸ்வீடன் ஆகிய நாடுகளின் தென்பகுதிகளும் உள்ளன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆஸ்லோவிலிருந்து பெர்கனுக்கு மரப்பலகை லோடு ஒன்றை எடுத்தேன். நிஜத்தில் சுமார் ஏழு மணி நேரம் பிடிக்கக்கூடிய வழி, விளையாட்டில் அரை மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த அரை மணி நேரம் முழுவதும் மலை, வளைவு, சுரங்கப்பாதை, அடுத்த வளைவு. ஏற்றத்தில் டீசல் முள் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க வயிற்றைக் கலக்கியது. ஒரு நீண்ட இறக்கம் கண்ணில் பட்டதும், என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலேயே, கியரை நியூட்ரலுக்கு, அதாவது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இல்லாத நிலைக்குத் தள்ளினேன்.

யாரும் சொல்லித் தந்து செய்த காரியம் அல்ல அது. விளையாட்டின் பயிற்சிப் பகுதியில் அப்படியொரு யோசனை இல்லை. கடனும் டீசலும் என் தலைமேல் ஏறியதும், எங்கள் ஊர்ப்பக்கத்துத் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு ஓட்டுநருக்கு எந்தக் கணக்கு தோன்றுமோ அதே கணக்கு எனக்கும் தோன்றிவிட்டது. வண்டி தானாகவே ஓடியது. 70, 80, 95. பிரேக்கைத் தட்டினேன், விட்டேன், மறுபடி தட்டினேன். காற்று பிரேக் நிஜம்போல் இயங்க வேண்டும் என்று அமைப்புகளில் மாற்றி வைத்திருந்ததால், ஒவ்வொரு முறை மிதித்தபோதும் தொட்டியிலிருந்த காற்றழுத்தம் குறைந்துகொண்டே வந்து, எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. வளைவில் டிரெய்லர் ஒரு பக்கம் இழுத்தது. ஓரத் தடுப்பில் உரசி, எதிர்த்தடம் வரை போய், ஒருவழியாக வண்டி நின்றது. சரக்குச் சேதம், வண்டிச் சேதம் என்று திரையில் எண்கள் ஏறின.

அப்பா பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "டீசல் யாருதும்மா?" என்பதுதான்.

என்னுடையது என்றேன்.

"அதான் நியூட்ரல் போட்டிருக்கே" என்றார்.

இந்த விளையாட்டைப் பற்றி நான் எழுத நினைத்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, தருமபுரியைத் தாண்டிச் சேலத்துக்குப் போகும் வழியில் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்களை எங்கள் மாவட்டத்துக்காரர்கள் விபத்துச் செய்திகளோடு சேர்த்தேதான் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. முழுச் சுமையையும் சக்கர பிரேக்கே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்பு குறைகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் கம்ப்ரஸரும் போதிய வேகத்தில் காற்றை நிரப்புவதில்லை. எஞ்சினையே அணைத்துவிட்டால் காற்று நிரம்புவது அடியோடு நின்றுபோகும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். இத்தனையும் எதற்காக என்றால், மிச்சப்படும் சில லிட்டர் டீசலுக்காக. அதிலும் மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசல் செலுத்தும் இன்றைய எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் செல்வதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சுற்றுவதற்கு டீசல் செலவாகிறது. "ஏறின கியர்லதான் எறங்கணும்" என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். தானும் இளவயதில் நியூட்ரலில் இறக்கியிருப்பதாக அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாகச் சொன்னார்.

நான் எழுதும் செட்டில்மென்ட் தாளில் டீசலுக்கென்று ஒரு பத்தி உண்டு. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கு. மீந்தால் ஓட்டுநருக்கு லாபம். கூடினால் அவர் பணத்தில் பிடித்தம். பிடித்தம் போட்ட கைதான் அன்று கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது. ஒரு விளையாட்டு கதை சொல்லாமல், வசனம் பேசாமல், வெறும் கணக்கை மட்டும் கையில் கொடுத்து ஒருத்தியை அந்தத் தாளின் மறுபக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று இரவுக்குள் அதே இறக்கத்தை மொத்தம் மூன்று முறை ஓட்டினேன். இரண்டாம் முறை எஞ்சின் பிரேக்கை மட்டும் வைத்து, கியரைக் குறைத்து இறங்கினேன். மூன்றாம் முறை, பணிமனையில் ரிடார்டர் உள்ள கியர்பாக்ஸை மாற்றிக்கொண்டு வந்து இறங்கினேன். வண்டி 60ஐத் தாண்டாமல், முனகிக்கொண்டே, யானை படியிறங்குவதுபோல் இறங்கியது. பிரேக்கை ஒருமுறைகூடத் தொடவில்லை. அந்த முனகல் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்பா எழுந்து அருகில் வந்து நின்றார்.

இவ்வளவு சொன்னதால் இதில் குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். லாரித் தொழிலின் பெரும்பகுதி ஓட்டுவதில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. அது இந்த விளையாட்டில் இல்லவே இல்லை. லோடு ஏற்ற நாள் கணக்கில் நிற்பதும், தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டுவதும், இறக்குகூலிக்குப் பேரம் பேசுவதும் கிடையாது. கிளீனர் கிடையாது. சரக்கு ஒரு நொடியில் ஏறுகிறது, ஒரு நொடியில் இறங்குகிறது. மற்ற வண்டிகள் பெரும்பாலும் ஒழுங்காகத் தடத்தில் போகின்றன. எதிர்த்திசையில் டிராக்டர் வரும் என்ற பயத்தோடு ஓட்டிப் பழகியவர்களுக்கு இது வேறு கிரகம். களைப்பை மட்டும் ஓரளவு கவனித்திருக்கிறார்கள்: தூங்காமல் ஓட்டினால் திரை இருளத் தொடங்கும், அபராதமும் விழும். ஐரோப்பியச் சட்டம் நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட ஓய்வைக் கட்டாயமாக்குகிறது என்று அப்பாவிடம் சொன்னபோது, அதை அவர் விளையாட்டுக்காகச் செய்த கற்பனை என்றே எடுத்துக்கொண்டார். நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம் என்றுதான் சொன்னது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கைபேசியில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா ஆடி, அதில் தம் ஊர்ப் பேருந்தின் வண்ணத்தை ஒட்டி ஓட்டும் பிள்ளைகள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதற்கு வந்தால் முதலில் ஏமாறுவார்கள். அது உடனே மகிழ்ச்சி தரும் விளையாட்டு, இது தாமதமாக மகிழ்ச்சி தருவது. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கூலிக்கு ஓட்டும் கட்டத்தில் அதிக நாள் தங்காமல், சீக்கிரமாகக் கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுங்கள். தானாகக் கியர் மாறும் முறையை விட்டுவிட்டு நீங்களே மாற்றும் முறைக்கு வாருங்கள். காற்று பிரேக்கை நிஜம்போல் வையுங்கள். பிறகு மலையுள்ள நாட்டுக்குப் போங்கள். இந்த நான்கும் சேராமல் என் பதினோராவது மணி நேரம் வந்திருக்காது.

கணினியைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத என் பழைய மடிக்கணினியில், காட்சித் தரத்தைக் குறைத்து வைத்தால் திணறாமல் ஓடுகிறது. மழை பெய்யும் நகரத்துக்குள் நுழையும்போது மட்டும் சற்றுத் தடுமாறுகிறது. ஸ்டியரிங் கருவி வாங்க வேண்டிய அவசியமில்லை. விசைப்பலகையைவிடச் சுட்டியால் வண்டியைத் திருப்புவது எனக்கு இலகுவாக இருந்தது. விரிவாக்கத் தொகுப்புகள் ஏராளம். எல்லாவற்றையும் முழு விலைக்கு வாங்கினால் கை சுட்டுவிடும். தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்து ஒவ்வொன்றாக வாங்கலாம்.

சரக்கைக் கொண்டு சேர்த்ததும், டிரெய்லரை எப்படி நிறுத்துவது என்று விளையாட்டு கேட்கும். நிறுத்தாமலே முடித்துக்கொள்ளலாம், எளிய இடத்தில் நிறுத்தலாம், அல்லது சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்து நிறுத்திக் கூடுதல் புள்ளி பெறலாம். நான் எப்போதும் முதலாவதையே தேர்ந்தெடுத்துவந்தேன். இப்போதெல்லாம் பெர்கனோ ஸ்டாக்ஹோமோ வந்து சேர்ந்ததும் அப்பாவைக் கூப்பிடுகிறேன். அவர் இதுவரை ஒரு லோடுகூட ஓட்டியதில்லை. ஓட்டியது போதும் என்கிறார். ஆனால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடினமான இடத்தையே தேர்ந்தெடுத்து, அம்புக்குறி விசைகளை இரண்டு விரல்களால் தட்டித் தட்டி டிரெய்லரைப் பின்னால் அனுப்புகிறார். டிரெய்லர் கோடுகளுக்கு நடுவே உட்கார்ந்ததும், வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு டீ கேட்கிறார்.