உறிஞ்சுவதா, உலர்வதா? கோழிக் கொட்டகைக்கு உமியும் மஞ்சியும் மற்றவையும்

ஐப்பசி அடைமழை நாளில் விடியற்காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் நான் முதலில் குந்தி உட்காருவேன். நின்றபடி மூச்சு இழுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கோழியின் தலை இருப்பது தரையிலிருந்து முக்கால் அடி, ஒரு அடி உயரத்தில். ராத்திரி முழுக்க அது இழுத்த காற்று எப்படி இருந்தது என்பது அங்கே மூக்கை வைத்தால்தான் புரியும். கண் கரித்தால், தரையில் பரப்பியிருக்கும் கூளம் கெட்டுவிட்டது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியா ஆக்குகின்றன. அதற்கு அவற்றுக்கு ஈரம் வேண்டும். காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு என்ற அளவை அம்மோனியா தாண்டினால் கோழியின் கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படும்.

எங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். 8-க்கு 10 அடிக் கொட்டகை, இருபது சிறுவிடைக் கோழிகள். அக்கா வாக்கப்பட்டது பொள்ளாச்சி. அங்கும் தோப்புக்குள் கோழி உண்டு. நெல் விளையும் ஊரில் உமி, தென்னை ஊரில் நார்க்கழிவு, அதாவது மஞ்சி. பக்கத்தில் மலிவாகக் கிடைப்பதைத் தரையில் பரப்புவதுதான் எல்லா ஊர் வழக்கமும். புதிதாகக் கோழி வளர்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதுங்க ஈரத்தை நல்லா உறிஞ்சும்?" நானும் அப்படித்தான் கேட்டேன். எது சீக்கிரம் உலரும் என்று கேட்டிருக்க வேண்டும்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். இருபது கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ நாலு லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மழைக்காலத்தில் கோழிகள் வெளியே போகாமல் உள்ளேயே அடைந்து கிடக்கும்போது இத்தனையும் கொட்டகைக்குள்தான் இறங்குகிறது. கூளம் அதை வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் அல்ல, காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். வாங்கினது வெளியேறாவிட்டால் நாலைந்து நாளில் அடை தட்டிவிடும்.

மஞ்சி வாங்குவதில் கெட்டி. தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். போட்ட முதல் வாரம் கொட்டகை மெத்தை மாதிரி இருக்கும், வாடையே வராது. பொள்ளாச்சிக் காற்றுக்கு அது பொருந்துகிறது. நான் இரண்டு மூட்டை கொண்டுவந்து கார்த்திகையில் போட்டபோது கதை வேறாக இருந்தது. மேலே காய்ந்ததுபோலத் தெரியும், விரலை உள்ளே விட்டால் சில்லென்று ஈரம். பத்தாம் நாள் கிளறினால் கறுப்பாகத் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வந்தது. அந்த ஈட்டில் ஒன்பது குஞ்சுகளை ரத்தக் கழிச்சலுக்குப் பறிகொடுத்தேன். அந்த நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்ததும் உடனே தொற்றாது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து, அதைக் கொத்துகிற குஞ்சுக்குள் புகும். ஈரக் கூளம் அந்த நாட்களை அதற்கு வசதியாக அமைத்துக் கொடுக்கிறது. வழக்கமான கிருமிநாசினிக்கும் அது சாகாது. உலர்ந்த தரைதான் அதன் பலத்தைக் குறைக்கும்.

உமி இதற்கு நேர் எதிர். ஒரு பிடி உமியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். மேல்தோலில் சிலிக்கா நிறைய இருப்பதால் தண்ணீர் எளிதில் ஏறாது. உறிஞ்சும் திறனை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் உமி தோற்றுவிடும். ஆனால் உமிக்கும் உமிக்கும் இடையே காற்று நடமாடுகிறது. காலையில் ஒரு முறை கிளறிவிட்டால், மூட்டமான நாளில்கூட மத்தியானத்துக்குள் மேல் இரண்டு அங்குலம் சலசலக்கும். டெல்டாவின் மழை மாதங்களில் எனக்கு அது போதும். குறையும் உண்டு: கோழி சீய்த்தால் ஒரு பக்கம் ஒதுங்கித் தரை வெளியே தெரியும், ஈரம் கீழே இறங்கி அடியில் தங்கும், முதல் மூன்று நாள் குஞ்சுகள் இரை என்று நினைத்து உமியைத் தின்னும். அந்த மூன்று நாளும் மேலே செய்தித்தாள் விரித்துவிடுவேன், வழவழப்பான தாள் மட்டும் வேண்டாம், குஞ்சுக்குக் கால் விரிந்துபோகும்.

ஈரம் சரியா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். அக்கா வீட்டு மாமாதான் கற்றுக்கொடுத்தார். "மாப்ள, ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிச்சுப் பாருங்க. உருண்டையா நின்னா ஈரம் மிஞ்சிப்போச்சு. புடிச்சதும் லேசா ஒட்டி, கையை விரிச்சா உதிரணும்." "உதிர்றதுக்கு முன்னாடி ஒட்டவே இல்லைன்னா?" என்று கேட்டேன். "அப்ப ரொம்பக் காஞ்சிருச்சுங்க, தூசி பறக்கும். அதுவும் நெஞ்சுக்கு ஆகாது." நூற்றுக்கு 20 முதல் 30 வரை ஈரம் இருக்கலாம் என்பார்கள், அந்தக் கைப்பிடிதான் எனக்கு அளவுகோல்.

இரண்டையும் பார்த்த பிறகு, இரண்டு பங்கு உமிக்கு ஒரு பங்கு மஞ்சி கலக்கிறேன். தையிலிருந்து ஆவணி வரை அந்தக் கலவை, புரட்டாசி பிறந்தால் தனி உமி.

கடலைத்தோல், அதாவது நிலக்கடலையின் மேலோடு, கிடைக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். உமியைவிட நன்றாக உறிஞ்சும், மஞ்சியைவிடச் சீக்கிரம் உலரும், காலுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் நனைந்த குவியலிலிருந்து வந்த தோலைத் தொடவே கூடாது. பூஞ்சணம் பிடித்த கூளத்தின் தூசியை இழுத்த குஞ்சுகள் வாயைத் திறந்து இளைக்கும். அந்த நிலைக்குப் போனால் காப்பாற்றுவது கஷ்டம். வாங்கும்போது மூட்டைக்குள் கையை ஆழமாக விட்டு மோந்து பாருங்கள். ஆசாரி பட்டறையின் இழைப்புச் சுருள் அருமையான பொருள், மருந்து அடித்த மரமாக இல்லாதவரை. பொடி மரத்தூளைக் குஞ்சு தின்று இரைப்பை அடைத்துக்கொள்ளும். வைக்கோல் அப்படியே போட்டால் பாய் மாதிரி படிந்து அடியில் புழுங்கும். நறுக்கிப் போட்டால் பரவாயில்லை. மணல் வறண்ட ஊருக்கு நல்லது, சல்லடையால் எச்சத்தை அரித்து எடுக்கலாம். சாரல் அடிக்கிற கொட்டகைக்கும் கதகதப்பு வேண்டிய இளங்குஞ்சுக்கும் ஆகாது, குளிர்ந்துபோகும்.

கூளத்தைப் பற்றி இவ்வளவு பேசினாலும் தரை சரியில்லை என்றால் எதுவும் நிற்காது. மண் தரையைச் சாணம் போட்டு மெழுகினால் கோடையில் அதற்கு ஈடில்லை. எங்கள் களிமண்ணில் மழைக்காலத்தில் ஈரம் கீழிருந்து மேலே ஏறும், பெருச்சாளியும் வளை தோண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கூரையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மண் தரை பல நாள் சேறாகவே கிடந்தது. எவ்வளவு உமி கொட்டினாலும் விழுங்கியது. அதற்குப் பிறகுதான் தரையை ஒன்றரை அடி உயர்த்தி, செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, கதவுப் பக்கம் சற்றுச் சரிவு வைத்து சிமெண்ட் போட்டேன். கழுவலாம், எலி வராது, பாம்பு பயமில்லை. ஆனால் சிமெண்டின் மேல் ஒரு அங்குலம் கூளம் போடுவது, போடாததைவிட மோசம். ஈரம் போக இடமில்லாமல் கூழாகிவிடும். மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது, போகப் போகச் சேர்த்து ஆறு வரை போகலாம்.

பரண் மூன்றாவது வழி. பாக்கு மரச் சலாகையோ கம்பி வலையோ அடித்தால் எச்சம் கீழே விழுந்துவிடும், ரத்தக் கழிச்சல் நன்றாகவே குறையும். வெள்ளம் நிற்கும் வயலோரத்துக்கு அதுவே சரி. ஆனால் சீய்க்கவும் புழுதியில் புரளவும் முடியாத கோழி நிம்மதியாக இருப்பதில்லை, பெருவிடை மாதிரிக் கனத்த இனங்களுக்கு வலையில் பாதம் புண்ணாகும். கீழே சேரும் எச்சத்தையும் அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும். நான் நடுவழி எடுத்தேன்: கோழி உட்காரும் கழிகளுக்குக் கீழே மட்டும் ஒரு பலகை. ராத்திரி எச்சம் அதில் விழும், காலையில் வழித்து எடுத்தால் கூளத்துக்குப் போகும் ஈரத்தில் பெரும்பங்கு குறைந்துவிடும். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் நான் செய்தவற்றில் இதுதான் முதல்.

தண்ணீர்த் தட்டைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். கூளத்தில் முதலில் நனைவது தட்டைச் சுற்றியுள்ள இடம்தான். கூரை விளிம்பு மூன்று அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. சுண்ணாம்பு தூவுகிறவர்கள் நனைந்த கூளத்தை அள்ளிய பிறகு, கோழிகளை வெளியே விட்டுத் தூவுங்கள். ஈரக் கூளத்தின் மேல் அப்படியே தூவினால் அடைந்திருந்த அம்மோனியா ஒரேயடியாகக் கிளம்பும்.

அள்ளிய கூளத்தைக் குழியில் போட்டு மட்க விட்ட பிறகே தென்னைக்கு வைக்கிறேன். மஞ்சி கலந்தது ஓரளவு மட்கிவிடுகிறது. தனி உமி அடுத்த வருஷமும் உமியாகவே கிடக்கிறது. அதைக் காய்கறிப் பாத்தியில் கொத்திவிட்டால் களிமண் பொலபொலவென்று ஆகிறது.