கலிஃபோர்னியாவில் கடை நடத்துபவர்களே, பேரோல் கம்பெனியை நம்பி இருக்காதீர்கள்

ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் உணவகம், கேட்டரிங் நடத்தும் நம்மவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கடைக்குச் சம்பளம் போட்டுக்கொடுத்தது டெக்சாஸிலிருந்து நடக்கும் ஒரு பேரோல் கம்பெனி. "ஐம்பது மாநிலச் சட்டமும் எங்கள் சாஃப்ட்வேரில் இருக்கு, வேலை நேரத்தை மட்டும் அனுப்புங்க, மீதியை நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்.

எங்கள் மாஸ்டருக்கு வாரம் நான்கு நாள் வேலை, நாளுக்குப் பத்து மணி நேரம், மணிக்கு 22 டாலர். கலிஃபோர்னியாவில் ஒரே நாளில் எட்டு மணி நேரத்தைத் தாண்டினாலே ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். டெக்சாஸில் வாரம் நாற்பதைத் தாண்டினால்தான் ஓவர்டைம். நாங்கள் நாள்வாரியாகத்தான் அனுப்பினோம். அவர்கள் அதை மொத்தமாகக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், ஒவ்வொரு வாரமும் 'ரெகுலர் 40.00, ஓவர்டைம் 0.00'. வாரம் 88 டாலர் அந்த மனிதருக்குச் சேராமலே போயிருக்கிறது.

அவர் முறையாக முன்கூட்டியே சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றார். கடைசிச் சம்பளம் எப்போது என்று கம்பெனியிடம் எழுதியே கேட்டோம். "அடுத்த சம்பளத் தேதியில் போகும், அதுதான் நடைமுறை" என்று பதில் வந்தது. அது டெக்சாஸ் நடைமுறை. இங்கே 72 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு நிற்பவருக்குக் கடைசி நாளன்றே பணம் கைக்குப் போக வேண்டும், எடுக்காத வெகேஷன் நாட்களுக்கான காசும் சேர்த்து. சொல்லாமல் நின்றால் 72 மணி நேரத்துக்குள். நாமே வேலையை விட்டு அனுப்பினால் அந்த நிமிடமே.

தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் கூலி அபராதம், 30 நாள் வரைக்கும். சனி, ஞாயிறும் கணக்கில் வரும். அவருடைய ஒரு நாள் கூலி ஓவர்டைமோடு 242 டாலர். பதினோரு நாள் தாமதத்துக்கு 2,662 டாலர், பழைய ஓவர்டைம் பாக்கி தனி. மாஸ்டர், சம்பளப் புகார்களை விசாரிக்கும் மாநில அரசு அலுவலகமான லேபர் கமிஷனர் ஆபீஸில் கிளெய்ம் போட்டார். போட்டது நியாயம்தான், அது அவர் அடுப்படியில் வெந்து சம்பாதித்த காசு. முழுவதையும் கொடுத்துவிட்டோம்.

கம்பெனியோ ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டிக் கைகழுவிவிட்டது: மாநிலச் சட்டத்தைச் சரிபார்ப்பது முதலாளியின் பொறுப்பாம். விற்கும்போது இதை ஒருவரும் வாயே திறக்கவில்லை. சட்டமும் முதலாளியைத்தான் பிடிக்கும். உரிமையாளரின் சொந்தச் சொத்தைப் பொதுவாகக் காக்கும் எல்எல்சி என்ற கம்பெனி அமைப்பை வைத்திருந்தாலும், கலிஃபோர்னியா லேபர் கோட் (தொழிலாளர் சட்டம்) 558.1 பிரிவின்படி உரிமையாளரையே தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க முடியும்.

எந்தக் கம்பெனியிடம் போனாலும் பத்து மணி நேர வேலைநாளுக்கு ஒரு மாதிரி பே ஸ்டப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். எட்டும் இரண்டுமாகப் பிரிந்து வரவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். அன்றைக்கே கடைசிச் செக் அடிக்க முடியுமா, அவர்கள் தவறால் அபராதம் வந்தால் யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள். பே ஸ்டப்பில் மீதமுள்ள சிக் லீவ் தெரிகிறதா என்றும் பாருங்கள், அதற்கும் இங்கே சட்டம் உண்டு.

விலகும்போது பேங்கில் சொல்லி ஆட்டோ டெபிட்டையும் நிறுத்திவிடுங்கள். நாங்கள் விலகிய பிறகும் மாதக் கட்டணத்தை எடுத்தார்கள், இன்னும் திருப்பித் தரவில்லை.