பாளையங்கோட்டை மாடி வகுப்பு: ஐரோப்பாவுக்கு முழுச்சாப்பாடு, சீனாவுக்கு அரைச்சாப்பாடு

பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் மாடியில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கிற வகுப்புக்கு ஆறு வாரம் போனேன். சொந்த அறிவைக் கொண்டு யோசி என்ற பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிவொளி இயக்கத்தையும், சீன ஞானி கன்பூசியஸின் ஒழுக்கப் போதனையான கன்பூசியத்தையும் ஒப்பிடுகிற வகுப்பு, கட்டணம் 600 ரூபாய். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

சார் ரிட்டயர்டு பேராசிரியர், கதை சொல்ல வரும். மூன்றாவது வாரம் ஜெர்மன் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப். 1721-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில், வேதாகமமே தெரியாத சீனர்கள் சொந்த அறிவைக் கொண்டே ஒழுக்கத்தைக் கண்டிருக்கிறார்களே என்று பேசிவிட்டார், அங்கிருந்த இறையியல்காரர்கள் விடவில்லை, 1723-ல் அந்த ஊரை ஆண்ட பிரஷ்ய மன்னர் 48 மணி நேரத்தில் நாட்டை விட்டுப் போ, இல்லையென்றால் தூக்கு என்று உத்தரவு போட்டார். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வாட்சைப் பார்த்தபடியே சார் இதைச் சொன்னபோது பின்பெஞ்சில் முறுக்கு கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

கன்பூசியஸை லத்தீனில் பெயர்த்து 1687-ல் பாரிசில் அச்சேற்றியது இயேசு சபைப் பாதிரியார்கள். உடனே ஒரு அண்ணாச்சி, "நம்ம காமநாயக்கன்பட்டியில இருந்த வீரமாமுனிவரும் அந்தச் சபைதானே சார்?" என்றார். ஆமாம், குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனாக்கியவர். அன்றைக்கு வகுப்பு முடிய எட்டரை ஆகிவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை.

இனி குறை. 1784-ல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் எழுதிய 'அறிவொளி என்றால் என்ன' கட்டுரைக்கு முழுசாக இரண்டு வாரம். அதற்கு எதிரே நிறுத்தியது கி.மு. 479-ல் செத்துப்போன கன்பூசியஸை! பூட்டனையும் பேரனையும் ஓட்டப்பந்தயத்தில் விட்டால் யார் ஜெயிப்பார்? கான்ட் காலத்துச் சீனர்கள் என்ன தூங்கிக்கொண்டா இருந்தார்கள்? உலகம்தான் வீட்டுக்காரர், அரசன் வந்த விருந்தாளி என்று கன்பூசிய அறிஞர் ஹுவாங் சோங்ஷி 1663-லேயே எழுதிவிட்டார். மேலே இருப்பவர்கள் 'நியதி' என்று சொல்லியே கீழே இருப்பவர்களைக் கொல்கிறார்கள் என்று கொதித்த இன்னொரு கன்பூசிய அறிஞர் தாய் ஜென் இறந்தது 1777-ல், கான்ட் கட்டுரைக்கு ஏழே வருஷம் முன்னால். இரண்டு பேருமே நோட்ஸில் இல்லை. கேட்டால், "டைம் பத்தலை தம்பி" என்கிறார். அப்புறம் 'சீனர்கள் கீழ்ப்படிதல், ஐரோப்பியர்கள் சுதந்திரம்' என்று போர்டில் கோடு கிழித்து முடித்துவிட்டார். கொடுங்கோலனைக் கொன்றால் அது அரசனைக் கொன்றதாகாது என்ற, கன்பூசியஸ் வழிவந்த மென்சியஸை அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைப்பது?

நோட்ஸ் ஜெராக்ஸ் மோசம், கடைசி நாலு பக்கம் வெளிறிப்போய்க் கிடக்கிறது. மாடியில் தண்ணீர் கிடையாது, பாட்டில் கொண்டுபோங்கள். இன்னும் இரண்டு வகுப்பு கூட்டி அந்த இரண்டு பேரையும் சேர்த்தால் 800 கேட்டாலும் கொடுப்பேன். இப்போதைக்கு ஐந்துக்கு மூன்றரை, அதில் பாதி வோல்ஃப் கதைக்கு.