அம்மாவின் முட்டியும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும்

மிக்ஸி, குக்கர் வாங்கினால் நாலு வரி எழுதிப் போடுகிறோம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்காகத் தமிழ்நாடு அரசு தரும் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே, ஒரு குடும்பத்தையே கடனில் விழாமல் காப்பாற்றக்கூடிய அந்த அட்டையைப் பற்றி, அதைப் பயன்படுத்தியவர்கள் யாரும் விவரமாக எழுதிப் பார்த்ததில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நான் காவேரிப்பட்டணத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அம்மா பென்னாகரம் பக்கம் கிராமத்தில், அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டு தனியாக இருக்கிறார். வயது 63.

அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய் வெகுநாள் ஆகிறது. கால் வளைந்து, நடந்தால் படகு ஆடுவது மாதிரி ஆடுவார். எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் பாதிப்பேர் நடை அப்படித்தான். சின்ன வயசில் நாங்கள் குடித்ததெல்லாம் போர் தண்ணீர். அதில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு அதிகம் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். எங்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கோடே சொல்லும் எவ்வளவு தாண்டியது என்று. தண்ணீர்தான் முழுக் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. வயசு, களை வெட்டு, தலைச்சுமை எல்லாம் சேர்ந்தது என்றார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வருடத்தை முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் செலவு அங்கேதான். மாதம் ஒருமுறை தனியார் கிளினிக், ஊசி, மாத்திரை, பஸ் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 1,200 ரூபாய். இருபத்து நாலு மாதத்துக்கு 28,800. இதில் ஒரு ரூபாய்கூட அட்டையில் வராது. படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும், பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான் காப்பீடு. வெளிநோயாளியாகப் போய் வருவதற்கு நம் கைக்காசுதான்.

அப்புறம் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ஒரு காலுக்கு 1,75,000 ரூபாய் என்றார்கள். கார்டு இருக்கிறது என்று நீட்டினேன். உள்ளே போய் வந்து, "கார்டுல செய்யலாம்மா, ஆனா நல்ல மூட்டு வேணும்னா தனியா 40,000 கட்டணும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். திட்டத்தின் விதி என்ன? பணமில்லாச் சிகிச்சை. ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. "நல்ல மூட்டு" என்று ஒரு வார்த்தையைப் போட்டதும் எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு கேட்கும்? நானும் வளையலை அடகு வைக்கக் கிளம்பியவள்தான். அம்மாதான் "எழுந்திரு, ஊருக்குப் போலாம்" என்றார்.

இப்படி யாராவது கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினோம். அங்கே காப்பீட்டுக்கென்று தனி கவுண்டர். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் வாங்கிப் பார்த்தார்கள். ரேஷன் கார்டில் அம்மா பெயரில் ஒரு எழுத்து வேறு, ஆதாரில் வேறு. எங்கள் தவறுதான், பல வருடமாகச் சரிசெய்யாமல் விட்டது. அதைத் திருத்தி வர ஒன்பது நாள் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வீட்டிலேயே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் மனசில் நிற்காவிட்டாலும் இது நிற்கட்டும்.

ஒப்புதல் வந்தது, இடது முட்டி மாற்றினார்கள். அறுவை சிகிச்சைக்கும், மூட்டுக்கும், மருந்துக்கும் நாங்கள் கொடுத்தது பூஜ்யம். யாரும் தனியாகக் கேட்கவும் இல்லை. மூன்றாம் நாள் வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள். எங்களுக்கு ஆன செலவு துணைக்கு இருந்த எனக்குச் சாப்பாடு, ஆட்டோ, வாக்கர், கடை பூட்டிக் கிடந்த நாட்கள். ஒரு தீபாவளி தையல் பணம் போச்சு, பரவாயில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து காலை மடக்கி நீட்டப் பழக்கினார். அந்தத் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கு வந்து தருவார்கள் என்று மட்டும் நினைத்திருந்தேன். முட்டி மாற்றியவர்களுக்குப் பாதி வைத்தியம் இந்தப் பயிற்சிதான். அட்டை மட்டும் இருந்து இது இல்லாமல் போயிருந்தால் அம்மா கால் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்.

இந்த இடத்தில் என் தம்பியோடு நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். அவன் ஓசூரில் கம்பெனி வேலை, அவனுக்கு ஈ.எஸ்.ஐ., அதாவது கம்பெனித் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீடு, இருக்கிறது. "அக்கா, ஒரு குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபாய் பிரீமியம்னு அரசாங்கம் கட்டுது. ஒண்ணேகால் கோடிக் குடும்பத்துக்கு மேல. ஆயிரம் கோடிக்கு மேல போகுது. அதை நேரா அரசு ஆஸ்பத்திரிக்கே கொடுத்தா ஆகாதா? நடுவுல எதுக்கு இன்சூரன்ஸு?" என்றான்.

அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுசாக இல்லை. அரசு மருத்துவமனையில் காப்பீட்டில் சிகிச்சை செய்தால் அந்தத் தொகையில் பெரும்பகுதி அந்த மருத்துவமனைக்கே போகிறது. அதில் கருவி வாங்கலாம், வார்டைச் சரிசெய்யலாம். அம்மாவின் மூட்டுக்கு வந்த காசில் பெரும்பகுதி தருமபுரியிலேயே தங்கியது. சேலத்தில் செய்திருந்தால் அங்கே போயிருக்கும். அதனால் நான் சொல்வது, காப்பீட்டை ஒழிக்க வேண்டாம், அந்தக் காசு அதிகமாக அரசு மருத்துவமனைப் பக்கம் திரும்பும்படி செய்யட்டும். கிருஷ்ணகிரிக்கும் 2022-இல் போலுப்பள்ளியில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. டாக்டரும் கருவியும் அங்கே நிறைந்தால் எங்கள் ஆட்கள் பெங்களூருக்கும் சேலத்துக்கும் எதற்கு ஓடுகிறார்கள்?

தம்பி விடவில்லை. "அப்ப தண்ணிக்கு யாரு செலவு பண்றது?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவன் சொன்னதுதான் சரி. அந்த ஃபுளோரைடுத் தண்ணீருக்குப் பதிலாகக் கொண்டு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தண்ணீர் முப்பது வருடம் முன்னால் எங்கள் தெருக் குழாயில் வந்திருந்தால் எத்தனை கால் நேராக இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். காப்பீட்டுச் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் இந்தச் செலவையும் மருத்துவக் கணக்கில் சேர்த்துப் பேசவேண்டும்.

இனி எனக்கு ஆறாத விஷயம். அம்மாவுக்குக் கிடைத்த அட்டை எனக்குக் கிடையாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். 2012 ஜனவரியில் இந்தத் திட்டம் தொடங்கியபோது வரம்பு 72,000. பத்து வருடம் கழித்துத்தான் இந்த அளவுக்கு வந்தது. மாசம் பத்தாயிரம் என்று அர்த்தம். மாங்கூழ் ஆலைக்கு ஒருவர் தினம் 450 ரூபாய்க்கு மாதம் 26 நாள் போனாலே வருடத்துக்கு 1,40,400. ஒருவர் கூலியிலேயே வரம்பு உடைகிறது. என் தையலில் எட்டாயிரம், வீட்டுக்காரர் வேன் ஓட்டி பன்னிரண்டாயிரம். நாங்கள் பணக்காரர்களா? ஈ.எஸ்.ஐ.யும் எங்களுக்கு இல்லை.

தனியார் பாலிசி விசாரித்தேன். நாலு பேருக்கு 5 லட்சத்துக்கு வருடம் இருபதாயிரத்தை ஒட்டிக் கேட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டார்கள், முன்பு 18 சதவீதம். எடுத்தது நல்லது. அப்படியும் எங்களுக்கு எட்டவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அரசு அட்டையில் காத்திருப்பு கிடையாது, முதல் நாளிலிருந்தே செல்லும், வயது வரம்பும் இல்லை. 849 ரூபாய்க்கு 5 லட்சம், அதுவும் இப்படி. இதன் அருமை வெளியே விலை கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"72,000-ன்னு எழுதி வருமானச் சான்று வாங்கிக்கோ, எல்லாரும் அப்படித்தான்" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். வாங்கலாம். பொய் எழுதினால்தான் வைத்தியம் என்ற நிலைமைக்கு மக்களைத் தள்ளும் விதி தப்பான விதி. 70 வயது ஆனவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு கொண்டு வந்தது. 70-க்குப் பார்க்காமல் தரமுடியும் என்றால் 45-க்குக் கொஞ்சம் பிரீமியம் வாங்கிக்கொண்டாவது தரலாமே. வருடம் 849 தானே, நானே கட்டுகிறேன். இரண்டு மடங்கு கேட்டாலும் கட்டுவேன்.

இந்த அட்டைக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால், படுக்கைச் சிகிச்சைக்கு ஐந்து, அதற்கு முன்னும் பின்னும் ஆகும் செலவுக்கு இரண்டு, யாருக்குக் கிடைக்கிறது என்பதற்கு இரண்டு.

2022 ஜனவரியில் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த திட்டம் இது. அடுத்த புதுப்பித்தலுக்குள் வரம்பை ஏற்றச் சொல்லி மனு எழுதி வைத்திருக்கிறேன். எங்கள் உண்மையான வருமானத்தையே போட்டு, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசில் கொடுக்கப்போகிறேன். தெருவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அம்மாவுக்கு வலது முட்டி தை கழித்து.