எம்ஐ-17வி5: குன்னூர் விபத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

இந்திய விமானப்படையின் எம்ஐ-17வி5 ஹெலிகாப்டரைப் பற்றித் தமிழ்நாட்டில் எங்கே பேச்செடுத்தாலும் அது 2021 டிசம்பர் 8-இல்தான் போய் நிற்கிறது. அன்று குன்னூரை அடுத்த காட்டேரி அருகே, நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரை ஒட்டிய சரிவில் விழுந்து எரிந்த ஹெலிகாப்டரில், முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா உட்பட 14 பேர் இருந்தனர். 13 பேர் அன்றே இறந்தனர்; உயிருடன் மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி, டிசம்பர் 15 அன்று பெங்களூரு மருத்துவமனையில் காலமானார். இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகு அந்த ஹெலிகாப்டரே தரமற்றது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. கிடைக்கும் தகவல்களைப் பார்க்கும்போது அந்தத் தீர்ப்பு இயந்திரத்துக்குப் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. குறைந்த மதிப்பெண் போட வேண்டிய இடம் வேறு.

முதலில் இயந்திரம். ரஷ்யாவின் கசான் தொழிற்சாலையில் உருவான இதை வாங்க இந்தியா 2008-இல் ஒப்பந்தமிட்டது. 2012 பிப்ரவரியில் இது முறைப்படி படையில் சேர்ந்தது. இரண்டு எஞ்சின்கள், 13 டன் வரையிலான புறப்பாட்டு எடை, 36 வீரர்களையோ நான்கு டன் சரக்கையோ சுமக்கும் திறன், வானிலை ரேடார், தானியங்கிப் பறப்பு வசதி ஆகியவை இதன் முக்கிய அம்சங்கள். காற்று மெலிந்த இமயமலை உயரங்களிலும், வெள்ளம் சூழ்ந்த ஊர்களிலும் பல ஆண்டுகள் உழைத்த வண்டி இது. விபத்துப் பதிவு வெறுமையாக இல்லை என்பதும் உண்மை. 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ள மீட்புப் பணியில் கௌரிகுண்ட் அருகே ஒன்று விழுந்து 20 பேர் இறந்தனர். 2017 அக்டோபரில் அருணாசலப் பிரதேசத்தின் தவாங் அருகே ஏழு பேர். 2019 பிப்ரவரியில் காஷ்மீரின் பட்காமில் விழுந்ததோ நம் படையின் ஏவுகணையே தவறுதலாகத் தாக்கியதால் நேர்ந்தது. அதை இயந்திரத்தின் கணக்கில் எழுத முடியாது.

குன்னூர் பயணம் நீண்டதல்ல. காலை 11:48-க்குச் சூலூரில் புறப்பட்டு, 12:15-க்குப் பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி உள்ள வெலிங்டனில் இறங்க வேண்டியது. 12:08 அளவில் தொடர்பு அறுந்தது. நேரம் குறைவுதான், ஆனால் அந்த அரை மணிக்குள் கோவைச் சமவெளியிலிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏற வேண்டும். நீலகிரியில் டிசம்பர் மாதம் இருந்தவர்களுக்கு, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி எதிர்ச்சரிவை மறைத்துவிடுவது பழகிய காட்சி. மலை ரயில் பாதையில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் மறைவது சில நொடிகளே தெரிகிறது.

அந்தச் சில நொடிகளில்தான் இயந்திரத்தின் திறமைகள் பயனற்றுப் போகின்றன. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது, உட்காது தரும் சமநிலை உணர்வு விமானியை ஏமாற்றும். சாய்ந்து திரும்புகிற வண்டி நேராகப் போவதாகவே உடல் சொல்லும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்க மாறுவதற்குத் திறந்த வானில் அவகாசம் உண்டு, குறுகிய பள்ளத்தாக்கில் அது இல்லை. வானிலை ரேடார் மழைமேகத்தைக் காட்டுவதைப் போல நுண்துளிகளாலான மலைப்பனியைக் காட்டாது. ரேடியோ உயரமானி கீழே உள்ள தரையை அளக்குமே தவிர, முன்னால் எழும் சரிவை அளக்காது. ஆகவே இந்தத் தடத்தில் பாதுகாப்பு என்பது புறப்படும் முன்பே முடிவாக வேண்டிய விஷயம்: பார்வைத் தூரம் எவ்வளவு குறைந்தால் திரும்பிவிட வேண்டும், உயர் பதவியில் இருப்பவருக்காக நிகழ்ச்சி காத்திருந்தாலும் வேண்டாம் என்று விமானி சொல்லலாமா என்பவை அதில் அடங்கும்.

விபத்துக்குப் பிந்தைய சேவைகளில் முழு மதிப்பெண் நஞ்சப்பசத்திரம் மக்களுக்கு. தீயை அணைக்கக் குடங்களில் தண்ணீர் எடுத்து ஓடியவர்களும், கம்பளிகளைத் தூக்குப் படுக்கையாக்கிக் கொடுத்தவர்களும் அவர்களே.

விசாரணைக்கு அந்த அளவு தாராளம் காட்ட என்னால் இயலவில்லை. ஏர் மார்ஷல் மானவேந்திர சிங் தலைமையிலான முப்படை விசாரணை வேகமாகவே நடந்தது. பறப்புத் தரவுப் பதிவியும் விமானி அறைக் குரல் பதிவியும் ஆராயப்பட்டன. 2022 ஜனவரி 14 அன்று வெளியான முதல்கட்ட முடிவு, இயந்திரக் கோளாறு, சதி, அலட்சியம் ஆகிய மூன்றையும் விலக்கியது. எதிர்பாராத வானிலை மாற்றத்தால் ஹெலிகாப்டர் மேகத்தில் நுழைந்ததும், விமானி திசையுணர்வு இழந்ததும், ஹெலிகாப்டர் பழுதின்றி விமானியின் கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியதும் காரணம் என்றது. பரிந்துரைகள் பரிசீலனையில் உள்ளன என்ற ஒரு வரியுடன் அது முடிந்தது. பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தின் பாதுகாப்புத் துறை நிலைக்குழு அளித்த அறிக்கையில், 2017 முதல் 2022 வரை நேர்ந்த 34 விமானப்படை விபத்துகளின் பட்டியலில், குன்னூருக்கு நேரே விமானக் குழுவின் மனிதத் தவறு என்ற குறிப்பு மட்டும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆயினும் முதலாவதைப் படிப்பவர் வானிலையையும், இரண்டாவதைப் படிப்பவர் விமானியையும் நினைவில் வைத்துக்கொள்வார். பதில் சொல்ல அந்த விமானி இல்லை.

இதில் எச்சரிக்கை தரும் முன்னுதாரணம் உண்டு. 1994-இல் ஸ்காட்லாந்தின் மல் ஆஃப் கின்டைர் குன்றில் மூடுபனியில் மோதிய பிரிட்டிஷ் சினூக் ஹெலிகாப்டரில் 29 பேர் இறந்தனர். மறு ஆண்டே விமானிகள் இருவர் மீதும் பெரும் அலட்சியக் குற்றம் சுமத்தப்பட்டு, 2011-இல்தான் அது நீக்கப்பட்டது.

கோழிக்கோட்டில் 2020 ஆகஸ்டில் நடந்த பயணிகள் விமான விபத்தின் முழு அறிக்கை அடுத்த ஆண்டே பொதுவெளிக்கு வந்தது. ராணுவ ரகசியம் என்ற தடை குன்னூர் அறிக்கைக்கு இருப்பதை ஏற்கலாம். ஆனால் பார்வைத் தூர வரம்பிலும், மலைத்தட வானிலைக் கண்காணிப்பிலும், உயர் பதவியினரின் பயண விதிகளிலும் என்ன மாறியது என்று சொல்வதால் எந்த ரகசியமும் கசியாது. ஹெலிகாப்டரை நான் மலைப்பணிக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சூலூர்–வெலிங்டன் வான்தடத்தை, அந்த மாற்றங்கள் வெளியாகும் வரை, மேகமில்லாத காலைப் பொழுதுக்கு மட்டும்.