லோ யாட்டில் வாங்கிய பழைய திங்க்பேட் டி480: மூன்று வருடத்துக்கு மேல் பயன்படுத்திய பிறகு

இமெயில், பேங்க் வேலை, யூடியூப், இணையத்தில் பத்திரிகை, அவ்வப்போது ஒரு கடிதம் தட்டச்சு. இதற்கு மட்டும் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், ஆயிரத்துச் சொச்சம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல் போகக்கூடாது என்று யாராவது கேட்டால், புதிய மலிவு லேப்டாப்பை விட்டுவிடுங்கள், ஆபீஸ்களில் ஓடித் திரும்பி வரும் பழைய லேப்டாப்பைப் பாருங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் 2022-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் லெனோவோ திங்க்பேட் டி480 தான் அதற்குக் காரணம்.

பெரிய நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பை மூன்று நான்கு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடும். அவை துடைத்து, சோதித்து, புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லோ யாட் பிளாசா கடைகளுக்கு வந்து சேரும். டி480 வெளிவந்தது 2018-இல். தினமும் எட்டு மணி நேரம் தட்டுவதற்காகக் கட்டிய சாமான் அது. கீபோர்டில் கொஞ்சம் தண்ணீர் சிந்தினாலும் வடிந்துபோக வழி வைத்திருக்கிறார்கள். புதிதில் பல ஆயிரம் வெள்ளி விற்றதை, இன்டெல் எட்டாம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகத்தோடு 1,300 வெள்ளிக்கு வாங்கினேன். இன்று இதே மாடலின் விலை அதைவிட நன்றாகவே இறங்கியிருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்கா அதே சமயத்தில், ஏறக்குறைய அதே விலைக்கு, புத்தம் புதிய லேப்டாப் ஒன்று வாங்கினார். செலரான் என்னும் மலிவு சிப், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பகம். பார்க்க மெலிதாக, அழகாக இருந்தது. சில மாதத்திலேயே என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேங்க் பக்கத்தைத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, அடுத்த பக்கம் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடுகிறது. சி டிரைவ் சிவப்பு. விண்டோஸ் அப்டேட்டுக்கு இடமில்லை. அக்கா அதில் தன் கோப்பு என்று எதையுமே வைத்திருக்கவில்லை. விண்டோஸும் அதன் பழைய அப்டேட்களுமே அத்தனை இடத்தையும் பிடித்திருந்தன.

இதில் அக்காவின் தப்பு ஒன்றும் இல்லை. இன்று ஒரு பேங்க் தளம், ஒரு யூடியூப், ஒரு இமெயில் மூன்றையும் குரோமில் திறந்தாலே 4 ஜிபி ராம் நிரம்பிவிடுகிறது. ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தைச் சேமிப்பகத்தில் எழுதி எழுதி எடுக்கும். எஸ்எஸ்டியாக இருந்தால் அது நமக்குத் தெரியாமலே நடந்துவிடும். இஎம்எம்சி மெதுவானது, அதனால் மௌஸ்கூட நின்று நின்று நகரும். சரி, ராமைக் கூட்டலாம் என்றால், அந்த மாதிரி மெலிந்த லேப்டாப் பலவற்றில் ராம், சேமிப்பகம் இரண்டுமே போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். மாற்ற வழியே கிடையாது. வரவு செலவு பார்த்து வாங்குகிற குடும்பங்களுக்கு இப்படி ஒரு சாமானை விற்பது எனக்கு மனதை வருத்துகிறது. விளம்பரத்தில் "இன்டர்நெட்டுக்கு ஏற்றது" என்று வேறு போடுகிறார்கள்.

டி480-இல் ராமுக்கு இரண்டு ஸ்லாட். ஒன்று காலியாக இருந்ததால் பிறகு இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொண்டோம். கடைக்காரர் பேட்டரியை எடுத்து, அடி மூடியைக் கழற்றிப் போட்டுக் கொடுத்தார், பெரிய வேலையில்லை. உண்மையைச் சொன்னால், அப்பா அம்மா செய்யும் வேலைகளுக்கு 8 ஜிபியே போதும்.

அப்பாவின் நாள் காலையில் மின்னல் எஃப்எம் வானொலியோடு தொடங்கும், அப்புறம் தமிழ்ப் பத்திரிகைகள், கேடபிள்யூஎஸ்பி ஐ-அக்காவுன் (இணையச் சேமநிதிக் கணக்கு), லைட் பில். அவர் கோயில் நிர்வாகத்தில் செயலாளர். கூட்டக் குறிப்புகளை முன்பு கையால் எழுதுவார், இப்போது தட்டச்சு செய்கிறார். விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்துவிட்டால் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். அப்பா 'அம்மா' என்று அடிப்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும்: 'அ', பிறகு 'ம' இரண்டு தடவை. முதல் 'ம' தானே புள்ளி வைத்துக்கொள்ளும், கடைசியில் 'ஆ' விசை. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகியவர்களுக்கும் கவலை இல்லை, அதையும் நிறுவிக்கொள்ளலாம். திங்க்பேட் கீபோர்டு விசைகள் நடுவில் லேசாகக் குழிந்து, விரலுக்கு இடம் காட்டும். அறுபதைத் தாண்டிய விரல்களுக்கு அது எவ்வளவு உதவி என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

நமக்கு மத்தியானம் இடி மின்னல் என்பது வாராவாரம் நடப்பது. ஒரு நாள் அப்பா கூட்டக் குறிப்பின் பாதியில் இருந்தபோது டமார் என்று ஒரு சத்தம், தெருவே இருண்டுவிட்டது. "கரண்ட்தானே போச்சு மா, என் எழுத்து போகலை" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். டெஸ்க்டாப் என்றால் அப்படியே அணைந்திருக்கும். இடி தொடங்கினால் சார்ஜரையும் மோடத்தையும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

டி480-க்கு இரண்டு பேட்டரி. ஒன்று உள்ளே, 24 வாட்-அவர். மற்றது பின்னால் கழற்றி மாட்டுவது. உள்ளே இருப்பது தாங்கிக்கொள்வதால், மெஷினை அணைக்காமலே பின் பேட்டரியை மாற்றலாம். வாங்கும்போது பின் பேட்டரி பாதி உயிரோடுதான் இருந்தது, போன வருடம் மாற்றினோம். பழைய லேப்டாப் வாங்குகிறவர்கள் பேட்டரிக்கென்று ஒரு நூற்றைம்பது வெள்ளியைத் தனியாக ஒதுக்கிவையுங்கள்.

குறைகளும் உண்டு. ஸ்பீக்கர் அடிப்பக்கம் பார்த்து இருக்கிறது. மெத்தையில் வைத்தால் சத்தம் அமுங்கிவிடும், அம்மா சமையல் வீடியோ பார்க்கத் தனியாக ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்க வேண்டியிருந்தது. கேமரா 720பி. ஜொகூரில் இருக்கும் தம்பியோடு வீடியோ காலில் பேசும்போது அம்மாவின் முகம் மங்கலாகத்தான் தெரிகிறது. திரையின் வெளிச்சம் குறைவு, ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இடது கீழ் மூலையில் கண்ட்ரோல் விசை இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என் விசை இருக்கிறது. எழுத்தைக் காப்பி செய்யப் போய் ஒன்றும் நடக்காமல் அப்பா எரிச்சல்பட்டார். பயோஸில் (விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் அமைப்புப் பக்கம்) இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருப்பதால் அன்றைக்கே சரியாகிவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. பலர் அவசரமாகப் புது மெஷின் தேடியபோது எங்களுக்கு அந்தத் தலைவலி வரவில்லை. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், எங்கள் டி480 அதில் வந்துவிடுகிறது. கடையில் பக்கத்திலேயே டி470 இருக்கும். பார்க்க அச்சு அசல் ஒன்றே, விலையும் குறைவு. ஆனால் அது ஆறாம், ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு டி470 நல்ல வாங்கல்தான். வீட்டுப் பெரியவர்களுக்கு என்றால் வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைக்கு மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் கூகுளின் குரோம் ஓஎஸ் ஓடும் குரோம்புக் லேப்டாப்பையும் யோசிக்கலாம். கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளத்தில் கூகுள் கிளாஸ்ரூம் எல்லாம் பிரவுசரிலேயே நடக்கிறது, 4 ஜிபி ராமையும் குரோம் ஓஎஸ் ஓரளவு சமாளிக்கும். 2021-லிருந்து வெளிவந்த மாடல்களுக்கு, அவற்றின் வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து பத்து வருட அப்டேட் உண்டு. பழைய குரோம்புக் வாங்கினால் அந்த அப்டேட் முடியும் தேதியை அமைப்புகளில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். வீட்டில் ஏற்கெனவே மானிட்டர் இருப்பவர்களுக்கு இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசியும் நல்லதுதான். மின்சாரம் மிகக் குறைவாகவே இழுக்கும்.

பழைய லேப்டாப் எடுக்கப் போகும்போது அவசரப்படாதீர்கள். சாயங்காலக் கூட்டத்தில் போகாமல், வார நாளில் கடை திறந்த கையோடு போனால் கடைக்காரர் பொறுமையாகக் காட்டுவார். முதலில் மெஷினை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்லுங்கள். லெனோவோ எழுத்து வரும்போது எஃப்1 தட்டினால் பயோஸ் திறக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டால் பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். திங்க்பேடில் அந்தப் பூட்டு பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. அந்த மெஷின் வேண்டாம். விண்டோஸுக்குள் போனதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சிப்பின் பெயர், ராம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் என்று எல்லாம் அங்கேயே எழுதியிருக்கும், யார் சொல்வதையும் நம்பத் தேவையில்லை. திரை 1920க்கு 1080 தானா என்று கட்டாயம் பாருங்கள். இதே டி480 1366க்கு 768 திரையோடும் வந்தது, அதில் தமிழ் எழுத்துகளின் சுழிகள் மங்கித் தெரியும்.

டைப்-சி துளை இரண்டிலும் சார்ஜரை மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். அவற்றில் ஒன்று தண்டர்போல்ட் என்னும் வேகமான வகை. இந்த மாடலில் அதன் ஃபர்ம்வேரில் (உள்ளே பதிந்திருக்கும் மென்பொருள்) ஒரு பழுது இருந்தது, நாளடைவில் அந்தத் துளை வேலை செய்யாமல் போகலாம். லெனோவோ அதற்குத் திருத்தம் வெளியிட்டுவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். ரசீதில் மாடல், சீரியல் நம்பர், கடை தரும் வாரண்டி எத்தனை மாதம் என்பது மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பிறகு பிரச்சினை என்று வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி முறையிடலாம், ஆனால் கையில் அந்த ரசீது இருக்க வேண்டும். எழுதித் தர யோசிக்கும் கடையில் வாங்காதீர்கள், அதே மாடியில் இன்னும் பல கடைகள் இருக்கின்றன.