டாம்கேட்டின் செஷன் நகலாக்கம்: மூன்று சர்வர் வைத்திருப்பவருக்கு இது போதுமா?

தி. நகரில் தீபாவளிக் கூட்டம் கடைக்குள் எவ்வளவோ அவ்வளவு அதே கடையின் இணையதளத்திலும் இருக்கும். அந்த நேரத்தில் ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும் என்று கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் தொகுதி) அமைப்பவர்கள் பலர், தளம் மட்டும் தப்பிப் பிழைத்து வாடிக்கையாளரின் கூடை காலியாகிப் போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. இதற்காகவே, ஜாவா தளங்களை இயக்கும் மென்பொருளான அப்பாச்சி டாம்கேட் இலவசமாகத் தரும் செஷன் நகலாக்க வசதியை, அதாவது ஒவ்வொரு பயனரின் லாகின், கூடை போன்ற தற்காலிகத் தகவலை (செஷனை) மற்ற சர்வர்களிலும் நகலெடுத்து வைக்கும் வசதியை, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எங்கள் அலுவலகத்தில் மூன்று சர்வர்களில் நிறுவி, துணிக்கடைத் தளம் ஒன்றின் மாதிரியை ஓட்டிப் பார்த்தோம்.

கூடையில் புடவைகளைச் சேர்த்து, முகவரிப் பக்கம் வரை சென்று, அந்தக் கோரிக்கைகளுக்குப் பதில் அளித்துக்கொண்டிருந்த டாம்கேட்டை வலுக்கட்டாயமாக நிறுத்தினோம். அடுத்த கிளிக்கில், கோரிக்கைகளை சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் வேறு சர்வருக்குத் திருப்பிவிட்டது. மீண்டும் லாகின் கேட்கவில்லை, கூடையும் அப்படியே இருந்தது. பிரவுசரின் குக்கியைத் திறந்து பார்த்தால், செஷனை அடையாளம் காட்டும் ஜேசெஷன்ஐடியில் புள்ளிக்குப் பின் வரும் சர்வர் பெயர் மட்டும் மாறியிருந்தது. இந்த அளவுக்கு நேர்த்தியை நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் இந்த நேர்த்தி, நிரல் எழுதியவரின் ஒழுங்கைப் பொறுத்தது. இயல்பாக அமையும் டெல்டா மேனேஜர், செஷனில் மாறியதை மட்டுமே மற்ற சர்வர்களுக்கு அனுப்புகிறது. மாறியது என்பதை அது, செஷனில் மதிப்பை எழுதும் செட்ஆட்ரிப்யூட் அழைப்பை வைத்தே அறிகிறது. கூடைப் பட்டியலை செஷனிலிருந்து எடுத்து, அதில் ஒரு புடவையைச் சேர்த்துவிட்டு, மீண்டும் செட்ஆட்ரிப்யூட் செய்யாமல் விட்டால், அந்த சர்வரில் எல்லாம் சரியாகவே தெரியும், மாற்று சர்வரிலோ பழைய கூடைதான் இருக்கும். சர்வர் விழும் நாள் வரை வெளியே தெரியாத பிழை இது என்பதால், சோதனைப் பட்டியலில் முதலில் எழுத வேண்டியதும் இதுதான். செஷனில் வைக்கும் பொருள்கள் எல்லாம் சீரியலைசபிளாக (பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியவையாக) இருக்க வேண்டும், தளத்தின் அமைப்புகளை வைக்கும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் டிஸ்ட்ரிப்யூட்டபிள் என்ற குறிப்பும் வேண்டும்.

வேகத்திலும் ஒரு பேரம் உண்டு. நகலை எப்படி அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் சேனல்சென்ட்ஆப்ஷன்ஸ் அமைப்பின் இயல்பு மதிப்பு 8. அதாவது நகல் போய்ச் சேரும் முன்பே பயனருக்குப் பதில் போய்விடலாம், அந்த இடைவெளியில் சர்வர் விழுந்தால் கடைசி மாற்றம் தொலையும். மதிப்பை 6 ஆக்கினால், மற்ற சர்வர் செய்தியைப் பெற்றுச் செயல்படுத்தியதை உறுதி செய்த பிறகே பதில் வருகிறது. பணம் புழங்கும் தளத்துக்கு, சற்றுத் தாமதமானாலும் நான் 6 வைப்பேன்.

டெல்டா மேனேஜர் எல்லா செஷனையும் எல்லா சர்வருக்கும் அனுப்புவதால், நான்கு சர்வருக்கு மேல் போனால் அதை டாம்கேட்டின் ஆவணமே பரிந்துரைப்பதில்லை. அங்கே ஒரே ஒரு மாற்று சர்வரில் நகல் வைக்கும் பேக்கப் மேனேஜர் உண்டு. உறுப்பினர்களைக் கண்டறிய இயல்பாக மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியை வலையமைப்பில் பலருக்கும் ஒருசேர அனுப்பும் முறை) பயன்படுவதால், அதைப் பொதுவாக அனுமதிக்காத கிளவுடில் வைப்பவர்கள் பெரும்பாலும் வேறு வழியை அமைக்க வேண்டியிருக்கும். மூன்று சர்வரையும் ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் வைத்துவிட்டு இதை நம்புவோருக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தை நினைவூட்டினால் போதும்.

செஷனை, தனியாக இயங்கும் தரவுக் கிடங்கான ரெடிஸில் வைக்கலாமே என்று கேட்பார்கள். பெரிய கிளஸ்டருக்கு அது சரி. மூன்று சர்வருக்கு, ரெடிஸ் விழுந்தால் என்ன செய்வது என்ற இன்னொரு கவலையையும் சேர்த்து வாங்குகிறோம். ஆகவே சிறிய தளங்களுக்கு டாம்கேட்டையே நான் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு: புதிய வெளியீட்டை ஒவ்வொரு சர்வராக ஏற்றும்போது ஜாவா நிரலின் வகுப்புகளின் (கிளாஸ்) வடிவம் மாறியிருந்தால் பழைய செஷன்கள் மறு சர்வரில் திறக்காமல் போகக்கூடும். ஆதலால், வகுப்பின் பதிப்பைக் குறிக்கும் எண்ணான சீரியல்வெர்ஷன்யூஐடியை வெளிப்படையாக எழுதி, அத்தகைய வெளியீடுகளைக் கூட்டம் இல்லாத நள்ளிரவுக்கு ஒதுக்குவது நல்லது.